பத்தாயச் சாவி யார் இடுப்பில்? குமரி மாவட்டச் சரித்திரக் கதைகளில் மணவாழ்வு கசந்த பெண்

கட்டிய இடத்தில் நிம்மதியில்லாத பெண் ஒருத்தி மெல்ல மெல்லத் தன் பலத்தைக் கண்டுகொள்வதைச் சொல்லும் சரித்திரக் கதைகள் தமிழில் நிறைய வருகின்றன. அவற்றில் பாதி ஒரே இடத்தில் சறுக்குகின்றன. பெண் நடுவாசலில் நின்று நீளமாகப் பேசுகிறாள், படியிறங்கிப் போகிறாள், அத்தியாயம் முடிகிறது. அவள் போவது யார் வீட்டுக்கு? அங்கே யார் நெல்லைத் தின்னப்போகிறாள்? பிள்ளைகள் யார் கணக்கில் வளரும்? இந்தக் கேள்விகளுக்குக் கதையில் விடை இருக்காது. குமரி மாவட்டத்தைக் களமாக எடுத்தவர்கள் இவற்றை ஒதுக்கிவிட்டு ஒரு பக்கம்கூட எழுத முடியாது. தோவாளையில் ஒரு வெள்ளாளப் பெண்ணுக்கும், விளவங்கோட்டில் ஒரு நாயர் பெண்ணுக்கும், குளச்சல் கடற்கரையில் மீன் சுமக்கும் பெண்ணுக்கும், ஒரே ஆண்டில், புருஷனோடு பிணக்கு வந்தால் கிடைக்கும் வழி வேறு வேறு.

ஆகவே எழுத உட்காருமுன் மூன்றைத் தீர்மானிக்க வேண்டும்: எந்த ஆண்டு, எந்தத் தாலுகா, எந்தக் குடும்பத்தின் தாயமுறை, அதாவது சொத்து யாருக்குப் போகும் என்ற முறை. குணச்சித்திரம், காதல், சதி எல்லாம் அதற்குப் பிறகு.

ஆண்டு என்றால் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக்கணக்கு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. பழைய ஓலைகளும் பத்திரங்களும் கொல்லம் ஆண்டையே சொல்லும். ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டு தெரிய, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு ஆடி வரை 825. கொல்லம் 1101 ஐப்பசி 1925, அதே 1101 பங்குனி 1926. கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டுகிறவர்கள் ஐப்பசிக் கல்யாணத்தை ஓராண்டு தள்ளி வைத்துவிடுகிறார்கள். ஒரு சட்டம் வருவதற்கு முன்னால் நடந்த கல்யாணமா பின்னால் நடந்ததா என்பதில் கதையே தொங்கும்போது இது சின்னப் பிழை இல்லை.

நாஞ்சில் நாட்டு வீடு

தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டும் சேர்ந்த நாஞ்சில் நாட்டில் வெள்ளாளர் குடும்பங்கள் பல மருமக்கள் வழியில் இருந்தன. நாவலாசிரியனுக்கு இதைவிடக் கனமான களம் இந்த மாவட்டத்தில் இல்லை. காரணம் இதுதான்: பெண் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போய் வாழ்கிறாள், சொத்தோ புருஷனின் சகோதரி மக்களுக்குப் போகிறது. வாழ்வது ஒரு வீட்டில், தாயம் இன்னொரு வழியில். புருஷன் இருக்கும்வரை அவள் காரணவர் (குடும்பத் தலைவர்) மனைவி. அவர் கண்ணை மூடினால் அந்த வீட்டில் அவளும் பிள்ளைகளும் விருந்தாளிக்கும் கீழே. வயல், வீடு, மாடு, நெல் கொட்டிவைக்கும் பத்தாயம் எல்லாம் மருமகன், அதாவது சகோதரி மகன், கைக்குப் போய்விடும். மனைவி மக்களுக்கென்று உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்கு வழக்கத்தில் இருந்தது. அதையும் மருமக்களோடு மல்லுக்கு நின்றுதான் வாங்க வேண்டும்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1917-18ல் 'தமிழன்' பத்திரிகையில் எழுதிய மருமக்கள்வழி மான்மியம் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி வாயால் சொல்லப்படுகிறது. ஐந்தாவது மனைவியைப் பேச வைத்தது கவிஞரின் கூர்மை. நாலு பேருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கண்ணால் பார்த்தவள் அவள். தன் முறை வரும்போது என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இந்த வீட்டில் கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். புருஷன் கெட்டவனாகவே இருக்க வேண்டியதில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் சம்பாதிப்பது மருமகனுக்கு என்று ஊரே சொல்லும்போது மனைவிக்காக ஒரு தடி வயல் வாங்கவும் கை நடுங்குகிறவன். அவன் தாயும் சகோதரியும் அதே கூரைக்குக் கீழே இருந்தால் அடுக்களை அவர்கள் ஆட்சி. நெல் அளக்கும்போது பக்கத்தில் நிற்பது மனைவி இல்லை, அவளுடைய மைனி, புருஷனின் சகோதரி. ஏனென்றால் அது மைனியின் மகனுக்குப் போகப்போகிற நெல். நாஞ்சில் நாட்டுக் கணக்கில் கோட்டைக்கு 21 மரக்கால். மாசம் இத்தனை மரக்கால் என்று அளந்து கொடுக்கும்போது மரக்காலின் தலையைத் தட்டி வழிப்பதா, கும்பாரமாக விடுவதா என்பதில் ஒரு குடும்பத்தின் முழு அரசியலும் தெரிந்துவிடும். வில்லத்தனமான வசனம் எழுதுவதைவிட அந்த மரக்கால் தலையைத் தட்டும் கையை எழுதுவது மேல்.

தப்பிக்கும் வழிகளும் அந்த முறைக்குள்ளேயே இருந்தன. முதலாவது, காரணவர் தன் மகளைத் தன் சகோதரி மகனான மருமகனுக்கே கட்டிக்கொடுப்பது. சொத்து மருமகனுக்குப் போனாலும் மகள் அதே வீட்டில் இருப்பாள் என்ற கணக்கு. மணவாழ்வு கசப்பதற்கு இதைவிட வளமான காரணம் வேண்டுமா? பதினாலு வயசுப் பெண் அப்பாவின் வயலைக் காப்பாற்றுவதற்காக ஒருவனுக்குக் கழுத்தை நீட்டுகிறாள், இருவருக்கும் அது தெரியும். இரண்டாவது, புருஷன் மனைவி பேரில் நிலம் வாங்குவது. இங்கேதான் எழுதுகிறவர்கள் தவறுகிறார்கள். பத்திரம் மனைவி பேரில் இருந்தால் போதும் என்று நினைத்து அவளை அத்தியாயக் கடைசியில் நிலக்காரியாக்கிவிடுகிறார்கள். காரணவராக இருப்பவர் வாங்கிய சொத்து தறவாட்டுப் (கூட்டுக் குடும்பப்) பணத்தில் வாங்கியது என்றே கோர்ட்டு முதலில் எடுத்துக்கொள்ளும். அனந்தரவர்கள் (தறவாட்டின் மற்ற உரிமைக்காரர்கள்) வழக்குப் போட்டால், பணம் வேறு வழியில் வந்தது என்று அவள் பக்கம்தான் காட்ட வேண்டும். அவர் காரணவர் ஆவதற்கு முன்னால் வாங்கியதா, அவள் நகையை விற்ற பணமா, அவள் அப்பா கொடுத்ததா? இந்த மூன்றில் ஒன்றுக்குச் சாட்சி இருந்தால் அவள் ஜெயிக்கலாம். ஒரு நல்ல நாவலின் பின்பாதி முழுவதும் அந்தச் சாட்சியைத் தேடுவதிலேயே ஓடலாம்.

சாட்சி என்றதும் பத்திரம்தான் நினைவுக்கு வரும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்குப் பாத்திரமே பத்திரம். சீதனமாக வந்த உருளி, குத்துப்போணி, செம்பு, நிலவாய் இவற்றில் பேர் வெட்டித்தான் அனுப்புவார்கள். வாய் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து, பெரும்பாலும் தகப்பன் அல்லது தாய் பேரின் முதலெழுத்தோடு. பிரிந்து போகும் நாளில் அடுக்களையில் எது அவளுடையது என்பதை அந்தப் புள்ளிகள் சொல்லும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்து மங்கியிருந்தால் அதற்கும் சண்டை வரும்.

காதில் தொங்கும் பாம்படம் இன்னொரு சொத்து. அதை எழுதும்போது இரண்டு விஷயம் நினைவில் இருக்க வேண்டும். பார்வைக்கு இருக்கும் பருமன் அவ்வளவும் பொன் இல்லை, உள்ளே அரக்கு இருக்கும். அடகு வைக்கப் போனால் தட்டான் அரக்கைக் கழித்துத்தான் மதிப்புச் சொல்வான். அடுத்தது, வடித்து வளர்த்த காதில் பாம்படம் இல்லாவிட்டால் தோளை எட்டும் வெறுங்காது ஊர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சங்கிலியை விற்றுவிட்டு மாராப்பால் மறைக்கலாம், பாம்படத்தை விற்றதை மறைக்க முடியாது. கழற்றுகிறாள் என்றால் ஊரறியச் செய்கிறாள் என்றே பொருள்.

கொல்லம் 1101ல், அதாவது 1926ல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. புருஷன் சொத்தில் மனைவி மக்களுக்கு உரிமை சட்டமாயிற்று. 1920ல் நடக்கும் கதையில் ஒரு விதவை "என் பங்கு" என்று கேட்டால் அது வெறும் ஆசை, 1928ல் கேட்டால் அது வழக்கு. இரண்டுக்கும் குரல் வேறாக இருக்க வேண்டும்.

புருஷன் வந்துபோகும் வீடு

கல்குளம், விளவங்கோடு பக்கம் நாயர் தறவாடுகளில் நிலைமை தலைகீழ். பெண் தாய் வீட்டிலேயே இருக்கிறாள், புருஷன்தான் வந்துபோகிறவன். புடவை கொடுத்து ஏற்படும் சம்பந்தம் என்ற மண உறவை முறித்துக்கொள்ள அவளுக்கும் வழி இருந்தது. அவளைப் புருஷன் வீட்டை விட்டுத் துரத்தினான் என்று எழுதினால் கதை அந்த இடத்திலேயே செத்துவிடும், துரத்துவதற்கு அவனுக்கு அங்கே வீடு இல்லை. அவளுக்கு நெருக்கடி வருவது காரணவரிடமிருந்து. அவள் தாய்மாமனோ மூத்த சகோதரனோ சொத்தை ஆள்கிறான், யாரோடு சம்பந்தம் வேண்டும், எதை முறிக்க வேண்டும் என்று அவன் சொல்கிறான். முறித்துக்கொண்டால் அவளுக்குச் சோறு உண்டு, கூரை உண்டு. ஆனால் அந்த மனுஷனிடம் செலவுக்குக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. இந்த உறவைச் சட்டப்படியான கல்யாணமாக ஏற்றது கொல்லம் 1088ல் (1912-13) வந்த நாயர் சட்டம்தான். 1925ல் வந்த இரண்டாவது சட்டம் தறவாட்டைப் பங்குவைக்க வழி திறந்தது. மருமக்கள்வழியில் இருந்த இன்னொரு சமூகமான கிருஷ்ணன்வகையாருக்குத் தனிச் சட்டம் 1115ல் (1940) வந்தது.

பங்கு வந்தால் பெண்ணுக்கு நல்லது என்று சட்டென்று எழுதிவிட வேண்டாம். பெரிய வீட்டின் பாதுகாப்பு போய், கைக்கு வந்த சின்னப் பங்கைப் புருஷன் விற்றுத் தின்ற கதைகளும் அதே காலத்தில் நடந்திருக்கக் கூடியவைதான். எனக்கு இந்தப் பதினைந்து இருபது ஆண்டுகளே மிகச் சுவாரஸ்யமான காலமாகப் படுகிறது. ஒரே பெண் இரண்டு முறைகளிலும் வாழ்ந்து பார்க்கிறாள்.

அக்கானிப் பானை

தகப்பன் சொத்து மக்களுக்கே போகும் மக்கள்வழிக் குடும்பங்களில், முக்கியமாகப் பனையை நம்பி வாழ்ந்த நாடார் குடும்பங்களில், பெண்ணின் பலம் பத்திரத்தில் இல்லை, அடுப்படியில் இருந்தது. புருஷன் பனையேறுகிறான், மனைவி காய்ச்சுகிறாள். இந்த இரண்டில் ஒன்று நின்றால் அன்றைய அக்கானி (பதநீர்) வீண். அதனால்தான் காய்ச்சத் தெரிந்த பெண் பிணங்கித் தாய் வீட்டுக்குப் போனால் பருவகாலத்தில் மூன்றாம் நாளே ஆள் அனுப்புவார்கள். நாவலில் இந்தப் பேரத்தைக் காட்ட வேண்டுமானால் வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும்.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுவார்கள். சுண்ணாம்பு குறைந்தால் அக்கானி புளித்துவிடும், புளித்ததை எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். கூடிப்போனால் சுண்ணாம்பு ருசி நாக்கில் தட்டும், சந்தையில் விலை இறங்கும். இறக்கியதைத் தாமதிக்காமல் வடிகட்டி அகன்ற பானையில் ஊற்றி, காய்ந்த ஓலையும் சுள்ளியும் வைத்து எரிக்க வேண்டும். எட்டுப் பத்து லிட்டர் அக்கானிக்கு ஒரு கிலோ கருப்பட்டி தேறும். பாதி வற்றும்போது நுரை பொங்கி வழியப் பார்க்கும். ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அடங்கும். பிறகு தீயைக் குறைத்து, துடுப்பை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் உருண்டு வர வேண்டும், அதுதான் பதம். அதற்கு முன் இறக்கினால் கருப்பட்டி உடையாமல் இழுபடும், பிந்தினால் கரிந்து கசக்கும். நனைத்து வைத்த சிரட்டைகளில் ஊற்றினால் ஆறியபின் தட்டி எடுக்கலாம்.

இதில் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. குடிக்கும் புருஷன் சில கலயங்களுக்குச் சுண்ணாம்பு தடவாமல் விடுவான், அது கள்ளாகிவிடும். அவன் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். காய்ச்ச வரும் அளவு குறைவதை வைத்தே எத்தனை கலயம் கள்ளுக்குப் போயிற்று என்று மனைவிக்குத் தெரியும். கருப்பட்டியை எண்ணி வியாபாரியிடம் கொடுப்பவளும் அவள்தான் என்றால் கணக்கு அவள் கையில். சண்டைக் காட்சி வேண்டுமென்றால் இந்த எண்ணிக்கையில் தொடங்கலாம்.

இந்தக் குடும்பங்களுக்கு மேல் திருவிதாங்கூர் அரசின் பாரமும் இருந்தது. பனையேறும் தளைக்கும் ஏணிக்கும் வரி, கூலியில்லாத ஊழியம். புருஷன் ஊழியத்துக்கு இழுத்துக்கொண்டு போகப்படும் நாட்களில் வீட்டை ஓட்டுவது மனைவி. மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டக் காலத்தை, 1822 முதல் 1859 வரை, களமாக எடுத்தால் இன்னும் கவனம் வேண்டும். 1859 ஜூலையில் உத்தரம் திருநாள் மகாராஜா விட்ட விளம்பரம் (அரசு அறிவிப்பு) நாடார் பெண்கள் மேலே உடுத்த அனுமதித்தது, ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி உடுத்தக் கூடாது என்றது. மீனவர்களான முக்குவப் பெண்கள் கட்டுவதுபோல் முரட்டுத் துணி கட்டலாம் என்றும் சொன்னது. 1859 ஆகஸ்டில் எல்லாப் பெண்களும் விரும்பியபடி உடுத்தி வெளியே வந்தார்கள் என்று எழுதுவது அந்தப் பெண்களுக்கே அநியாயம். குப்பாயம் (மேல்சட்டை) போட்டதால் குத்தகை நிலம் பறிபோகுமோ என்று பயந்த புருஷனும், போட்டே தீருவேன் என்று நின்ற மனைவியும் ஒரே வீட்டில் இருந்திருப்பார்கள். அந்த மணவாழ்வை யாராவது எழுத வேண்டும்.

ரேந்தை

நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை (லேஸ்) பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை முழுவதுமாக ஒழிந்தது 1855ல், அதற்கு ஒரு தலைமுறை முன்னால் நடந்தது இது. பெண் கையில் நேரே விழும் காசு என்பது அன்று புதிது. வயலில் நட்டவளுக்கு நெல் கூலி, அது வீட்டுப் பானைக்குள் போய்விடும். ரேந்தைக் கூலியை மறைக்கலாம், சேர்க்கலாம், தாய்க்கு அனுப்பலாம். வேலையும் அப்படித்தான்: திண்டு, குண்டூசி, நூல் சுற்றிய சிறு கட்டைகள், குத்திய மாதிரித்தாள். நாற்று நட்டுத் தடித்த விரலில் நூல் சிக்கும், வியர்த்த கையால் வெள்ளை நூல் பழுக்கும். அதனால் ரேந்தை பின்னுகிறவள் களத்து வேலைக்குப் போகத் தயங்குவாள். மாமியாருக்கும் அவளுக்கும் தகராறு அங்கிருந்தே முளைக்கும்.

கூலியை எழுதும்போது திருவிதாங்கூர் நாணயத்தில் எழுதுங்கள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூட. அணாவும் பைசாவும் எல்லையான ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே.

கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண்ணுக்கு உரிமை அதிகம் என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. கொல்லம் 1092ல் (1916) வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. சீதனம் கொடுத்தாகிவிட்டால் அதுவும் கிடையாது. விதவைக்குக் கிடைப்பது ஆயுள்வரை அனுபவம், மறுமணம் செய்தால் அதோடு போயிற்று. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள சில லத்தீன் கத்தோலிக்கரையும் புராட்டஸ்டண்ட் பிரிவினரையும் சட்டம் விலக்கி வைத்தது. ஆகவே கதையில் வரும் குடும்பம் எந்தச் சபை, எந்த ஊர் என்பதை முடிவு செய்யாமல் பங்குச் சண்டை எழுதக் கூடாது. உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது 1986ல்தான். கடற்கரைப் பெண்ணுக்கோ கோர்ட்டைவிடக் கடவம் (மீன் கூடை) பெரிது. கட்டுமரம் கரையேறியதும் மீனை எடுத்துத் தலைச்சுமையாக உள்ளூர்ச் சந்தைக்குப் போய் விற்றுக் காசோடு திரும்புகிறவள் அவள். மடியில் அவிழ்க்கும் முடிச்சு அவள் கையில் இருக்கும்வரை வீட்டில் அவள் சொல்லுக்கு எடை உண்டு.

காலப் பிழைகள் கதையின் நம்பகத்தைக் கெடுக்கும், சிலவற்றை மட்டும் சொல்கிறேன். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) ஏழைகளின் உணவாகப் பரவியது விசாகம் திருநாள் மகாராஜா (1880-85) ஊக்கத்தால். வேலுத்தம்பி தளவாய் காலத்து (1802-09) அடுக்களையில் மரச்சீனியும் மீனும் வைத்தால் வாசகர் சிரிப்பார். பேச்சிப்பாறை அணை முடிந்தது 1906ல். அதற்கு முன் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற நெல் போகங்கள் இரண்டும் பழையாற்றையும் குளங்களையும் மழையையும் பார்த்து நின்றன, வறண்ட ஆண்டில் சீதன பாக்கியும் நின்றது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979ல். 1940ல் ரயிலேறி ஓடிப்போகும் கதாநாயகி வில்வண்டியிலோ பஸ்ஸிலோ திருநெல்வேலியோ திருவனந்தபுரமோ போய்த்தான் ஏற வேண்டும். பண்டாரப்பாட்ட (அரசுக் குத்தகை) நிலத்தை விற்கும் உரிமை 1865 விளம்பரத்துக்குப் பிறகே குடியானவனுக்கு வந்தது, அதற்கு முன் அந்த நிலத்தை விற்று மகளைக் கரையேற்றிய விதவை இருக்க முடியாது.

வில்லுப்பாட்டுக் கதைகளைத் தரவாக எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இசக்கி, நீலி கதைகளில் பெண் செத்த பிறகே பலம் பெறுகிறாள். வஞ்சித்தவனைப் பழிவாங்குவதும் பீடத்தில் அமர்வதும் சாவுக்கு அப்பால். முப்பந்தல் இசக்கி கோயிலில் பொங்கலிடும் பெண்கள் அந்தக் கதையைத் தங்கள் பக்கத்துச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் உயிரோடு இருந்து சமாளித்த பெண்ணின் கதைக்கு வேறு தரவு வேண்டும்: சபைகளின் கல்யாணப் பதிவேடு, பத்திரப் பதிவு, பங்கு வழக்குகளின் தீர்ப்பு, அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகள் போன்ற ஆவணங்கள். மிஷனரிகளின் கடிதங்களில் பெண்களின் துன்பம் நிறைய உண்டு. மதம் மாறாத புருஷனை அவை கூடுதல் கறுப்பாகத் தீட்டும், அதைக் கழித்துப் படிக்க வேண்டும்.

கடைசியாகப் பேச்சு. அந்தக் காலத்துப் பெண் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். "அவிய" என்பாள், கூப்பிட வேண்டுமென்றால் "இஞ்ச பாருங்க" என்பாள். அவன் "ஏட்டி" என்பான். தாய் மகளை "மக்கா" என்று அழைப்பாள், தாத்தா "பாட்டா". எதிர்ப்பும் இந்த முறைக்குள்ளேயே வரும். மூன்று நாள் அவனுக்குச் சோறு வைத்துவிட்டு "எடுத்து வச்சிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வது பெரிய சண்டை. தலைப்பேறுக்குப் போனவள் நாற்பது நாள் கழிந்தும் திரும்பாமல் இருப்பது அதைவிடப் பெரியது. அவன் ஆளனுப்பினால் அவள் அம்மை வாசலில் வந்து, "பிள்ளைக்கு இன்னும் உடம்பு தேறல்லே" என்பாள். அப்படி மூன்று முறை சொன்னால், பேரம் தொடங்கிவிட்டது என்று இரண்டு வீட்டுக்கும் புரியும். இந்த வசனங்களை எழுதி முடித்ததும் அந்தந்தத் தாலுகாவில் வளர்ந்த வயதான பெண்மணி ஒருவரிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். தோவாளைப் பேச்சு விளவங்கோட்டு வாயில் நுழைந்திருந்தால் அவர் இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிடுவார்.